டெலிமெட்ரியிலிருந்து டிராக் மேப்: ஓட்டுவதில் தொடங்கி வரைவது வரை

கார் ரேஸ் கேம்கள் ஓடும்போது காரின் இடம், வேகம் போன்ற தகவலை வெளியே தருகின்றன; அதுதான் டெலிமெட்ரி. அதை வைத்து நான் முதன்முதலில் உருவாக்கிய மேப் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்குடையது. அதில் ஸ்டார்ட் லைனைத் தாண்டியதும் வருகிற லா சோர்ஸ் வளைவு இடது பக்கம் திரும்பியது. நிஜத்தில் அது வலது பக்க ஹேர்பின், அதாவது கொண்டை ஊசி வளைவு. படம் பார்க்க அழகாக இருந்ததால் இரண்டு நாள் எனக்கு உறைக்கவே இல்லை. மூன்றாம் நாள் மேப்பைத் திரையில் வைத்துக்கொண்டு ஓட்டும்போதுதான், காரைக் காட்டும் புள்ளி ஒரு பக்கம் போக நான் இன்னொரு பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பது தெரிந்தது. இந்தக் கண்ணாடி பிம்பச் சிக்கலைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிராக் மேப்பை நாம் படமாகப் பார்த்தாலும், உள்ளே இருப்பது ஓர் அட்டவணைதான்: ஸ்டார்ட் லைனிலிருந்து இத்தனையாவது மீட்டர் என்றால் இந்த இடம். அட்டவணை சரியாக அமைந்துவிட்டால் படம் பத்து நிமிட வேலை. அது தப்பாக இருந்தால் எவ்வளவு மெருகேற்றினாலும் புள்ளி தடுமாறிக்கொண்டேதான் இருக்கும்.

எதற்காக மேப்?

ஓட்டும்போது திரை மூலையில் மற்ற கார்கள் எங்கே என்று காட்டினால் போதுமா, அல்லது இரண்டு லேப்களின் (டிராக்கின் முழுச் சுற்றுகளின்) கோடுகளை ஒப்பிட்டு எங்கே நேரம் போகிறது என்று அலச வேண்டுமா? முதலாவதற்கு ஒற்றைக் கோடு போதும். ஒரு லேப் ஓட்டினால் முடிந்தது. இரண்டாவதற்கு டிராக்கின் இரண்டு ஓரங்களும் வேண்டும், குறைந்தது மூன்று லேப் ஓட்ட வேண்டும். இதை முதலிலேயே முடிவு செய்யாமல் இறங்கினால், எல்லாம் முடிந்த பிறகு மறுபடி டிராக்குக்குப் போக வேண்டியிருக்கும்.

உங்கள் கேம் என்ன தருகிறது

ஒவ்வொரு கேமும் தகவலை ஒவ்வொரு விதமாகத் தருகிறது.

அசெட்டோ கோர்சா, அதன் தம்பியான காம்பெடிசியோனே இரண்டும் ஷேர்டு மெமரி (மற்ற நிரல்களும் படிக்கக்கூடிய நினைவகப் பகுதி) வழியாகக் காரின் இடத்தை மூன்று எண்களாகத் தருகின்றன. எக்ஸும் இசட்டும் தரைத்தளம், ஒய் உயரம். இது தெரியாமல் எக்ஸையும் ஒய்யையும் வரைந்துவிட்டு, மேப் தட்டையான கோடாக வருகிறதே என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். கூடவே, லேப்பில் எவ்வளவு தூரம் கடந்திருக்கிறோம் என்பது 0 முதல் 1 வரையிலான எண்ணாக வரும். பழைய அசெட்டோ கோர்சாவின் டிராக் ஃபோல்டருக்குள் பெரும்பாலும் ஒரு தயார் மேப் படமும், அதன் அளவுகோலையும் நகர்த்தலையும் சொல்லும் சிறிய ஐஎன்ஐ அமைப்பு ஃபைலும் இருக்கும். அதுவே உங்கள் தேவைக்குப் போதுமானால் இந்தக் கட்டுரையில் பாதியைத் தாண்டிவிடலாம்.

எஃப்1 கேம்கள் தகவலை நெட்வொர்க் வழியாக யுடிபி பாக்கெட்டுகளாக அனுப்புகின்றன. வழக்கமான போர்ட் 20777. காரின் இடம் மோஷன் பாக்கெட்டில் வரும், லேப் தூரம் லேப் டேட்டா பாக்கெட்டில் வரும். இரண்டையும் வந்து சேர்ந்த நேரத்தை வைத்து இணைக்காதீர்கள். இரண்டின் தலைப்பிலும் ஃபிரேம் எண் இருக்கிறது, அதை வைத்தே இணையுங்கள். ரேஸ் தொடங்கி முதல் முறை ஸ்டார்ட் லைனைத் தாண்டும்வரை லேப் தூரம் கழித்தல் குறியோடு வரும். அது பிழை இல்லை.

கிரான் டூரிஸ்மோ 7 தரும் பாக்கெட்டுகள் சால்சா20 என்ற குறியாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கும். திறந்து படிக்க அதற்கான மென்பொருள் நூலகம் தேவை. ஃபோர்சாவின் டேஷ் வடிவப் பாக்கெட்டில் இடம் நேரடியாகவே கிடைக்கும்.

ஐரேசிங் வேறு ரகம். ஓடும்போது அது நேரலையாகத் தரும் தகவலில் காரின் எக்ஸ், ஒய் கிடையாது. லேப் தூரம், வேகம், கார் நோக்கும் திசை எல்லாம் விநாடிக்கு 60 முறை வரும், இடம் மட்டும் வராது. ஆனால் டிஸ்க்கில் சேமிக்கும் ஐபிடி ஃபைலில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கின்றன. அதற்குத் தனியாக ஒரு பகுதி கீழே.

மேப்புக்காக ஓட்டும் லேப்

பலரும் தங்கள் வேகமான லேப்பை எடுத்து மேப் ஆக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 83 மீட்டர் போகிறது. விநாடிக்கு 60 முறை பதிந்தால் புள்ளிக்குப் புள்ளி 1.4 மீட்டர் இடைவெளி, அது பரவாயில்லை. 20 முறை மட்டும் பதிந்தால் இடைவெளி 4 மீட்டரைத் தாண்டும். வேகமான லேப்பில் கெர்ப் (டிராக் ஓரத் திட்டு) மேல் ஏறுவோம், வெளியே அகலமாகப் போவோம், பின்பக்கம் வழுக்கும். அத்தனையும் மேப்பில் பதிந்து நிற்கும்.

மேப் லேப்பை நிதானமாக ஓட்டுங்கள். மூன்றாவது, நான்காவது கியரில், டிராக்கின் நடுவிலேயே. சேதம், டயர் தேய்மானம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்; வேறு கார்கள் வேண்டாம். பிட்டிலிருந்து (டயர் மாற்றக் கார்கள் நிற்கும் இடம்) வெளியே வந்த லேப்பை விட்டுவிடுங்கள். அடுத்த முழு லேப்தான் உங்களுடையது. அது முடிந்ததும் உடனே நிறுத்தாமல் ஸ்டார்ட் லைனைத் தாண்டி இன்னும் 200 மீட்டராவது போங்கள். மேப்பின் இரு முனைகளையும் ஒட்டும்போது அந்த 200 மீட்டரின் அருமை தெரியும்.

ஓரங்கள் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு லேப்: ஒன்றில் இடது டயர்கள் இடது வெள்ளைக்கோட்டின் மேல், இன்னொன்றில் வலது டயர்கள் வலது வெள்ளைக்கோட்டின் மேல். கேட்க எளிது, ஓட்டச் சலிப்பாக இருக்கும். ஜெர்மனியின் நோர்ட்ஷ்லைஃபே டிராக்கின் 20.8 கிலோமீட்டருக்கும் ஓரமாகவே உருண்டு வந்தால் பொறுமை என்றால் என்னவென்று தெரிந்துவிடும்.

பதிவு செய்ய வேண்டியவை

நேரம், லேப் எண், லேப் தூரம், மூன்று ஆயங்கள் (எக்ஸ், ஒய், இசட்), வேகம், பிட்டில் இருக்கிறதா என்ற குறி. இவ்வளவும் ஒரு சிஎஸ்வி ஃபைலில், ஒரு பதிவுக்கு ஒரு வரி. பைத்தானில் எழுதினால் ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும். எதையும் பதியும்போதே திருத்தாதீர்கள். வந்தது வந்தபடி இருக்கட்டும். சுத்தம் செய்யும் நிரலில் பிழை இருந்தால் மூல ஃபைலிலிருந்து மறுபடி தொடங்கலாம், டிராக்குக்குப் போக வேண்டியதில்லை.

சுத்தம் செய்தல்

முதலில் ஒரே ஒரு லேப் எண்ணை மட்டும் வெட்டி எடுங்கள்; அதற்குப் பின் ஓட்டிய 200 மீட்டரைத் தனியே வைத்திருங்கள். அடுத்து, கார் நின்றிருந்த வரிகளையும், முந்தைய வரியின் அதே ஆயங்களோடு வந்த வரிகளையும் நீக்குங்கள். கேம் தன் தகவலைப் புதுப்பிப்பதைவிட வேகமாக நீங்கள் ஷேர்டு மெமரியைப் படித்தால் இப்படி இரட்டை வரிகள் கட்டாயம் வரும்.

அப்புறம் தாவல்கள். பிட்டுக்குத் திரும்பும் பட்டனை அழுத்தினால் கார் ஒரு நொடியில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் இடைவெளியை, அந்த நேர இடைவெளியில் அந்த வேகத்தில் போகக்கூடிய தூரத்தோடு ஒப்பிடுங்கள். இருமடங்குக்கு மேல் இருந்தால் அங்கே ஏதோ கோளாறு. யுடிபியில் பாக்கெட் தொலைந்திருந்தால் நேர இடைவெளியும் கூடவே பெரிதாக இருக்கும். அது வெறும் ஓட்டை, பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

தூரப்படி மறுபடி அடுக்குதல்

வேலையின் மையம் இதுதான். பதிவு நேரப்படி வருகிறது: ஹேர்பினில் புள்ளிகள் எறும்புச்சாரி போல நெருங்கி நிற்கும், நேர்சாலையில் தள்ளித் தள்ளி நிற்கும். நமக்கு வேண்டியது தூரப்படியான அட்டவணை. ஒவ்வொரு 1 மீட்டருக்கும் ஒரு வரி என்று வையுங்கள். ஸ்பா 7.004 கிலோமீட்டர் என்பதால் ஏழாயிரம் வரிகள். கணினிக்கு அது தூசு.

எந்தத் தூரம் என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கார் உண்மையில் ஓடிய தூரம் ஒன்று. கேம் சொல்லும் லேப் தூரம் இன்னொன்று. கேம் தன்னிடமுள்ள ஒரு வழிக்கோட்டின் மேல் உங்கள் காரைப் பொருத்தி, அந்தக் கோட்டில் நீங்கள் எத்தனையாவது மீட்டரில் இருக்கிறீர்கள் என்று சொல்கிறது. நீங்கள் வளைவின் உள்பக்கமாகப் போனாலும் வெளிப்பக்கமாகப் போனாலும் அந்த எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். நீங்கள் ஓடிய தூரம் அப்படியல்ல, லேப்புக்கு லேப் மாறும். அதனால் அட்டவணையின் சாவியாகக் கேமின் லேப் தூரத்தையே வையுங்கள். மற்ற கார்களைப் பற்றி வரும் தகவலும் அதே அளவுகோலில்தான் இருக்கும்.

செய்முறை இவ்வளவுதான்: லேப் தூரம் 0 முதல் 1 வரையிலான எண்ணாக வந்தால் டிராக்கின் நீளத்தால் பெருக்கி மீட்டராக்குங்கள். லேப் தூரம் ஏறுவரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள், பின்னோக்கிப் போன வரிகளை நீக்குங்கள். பிறகு 0, 1, 2 என்று ஒவ்வொரு மீட்டருக்கும் எக்ஸையும் இசட்டையும் தனித்தனியாக நேர்கோட்டு இடைக்கணிப்பில் (இரு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போட்டு) எடுங்கள். பைத்தானின் நம்பை நூலகத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டளை. இரு முனைகள் பொருந்த வேண்டும் என்பதற்காக, கூடுதலாக ஓட்டிய 200 மீட்டரை லேப்பின் கடைசியில் சேர்த்துக் கணக்கிட்டு, அந்தப் பகுதியில் பழைய கோட்டிலிருந்து புதிய கோட்டுக்குப் படிப்படியாக மாறும்படி கலந்துவிடுங்கள். மலையேற்றப் பாதை போலத் தொடங்கிய இடத்துக்கே திரும்பாத டிராக் என்றால் இதைச் செய்யவே கூடாது.

மிருதுவாக்குவதில் கை நீளக் கூடாது. 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு ஹேர்பினை எடுத்துக்கொள்வோம். 11 மீட்டர் அகலத்துக்குச் சராசரி எடுத்தால் கோடு உள்பக்கமாக மூன்றில் ஒரு மீட்டர் அளவுக்கு நகரும்; கண்ணுக்கே தெரியாது. 51 மீட்டருக்கு எடுத்தால் 6 மீட்டருக்கு மேல் உள்ளே வந்துவிடும். அதாவது மேப் புல்வெளியில் ஓடும். சாவிட்ஸ்கி-கோலே வடிகட்டி இந்த விஷயத்தில் சாதாரணச் சராசரியைவிட நேர்மையானது. எதைப் பயன்படுத்தினாலும் முனைகளைச் சுற்றிக்கொள்ளும் அமைப்பில் வையுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட் லைனில் ஒரு முடிச்சு விழும்.

கண்ணாடி பிம்பம்

என் ஸ்பா கதைக்கு வருவோம். வரைபடம் போடும் நூலகங்களில் செங்குத்து அச்சு மேல்நோக்கி வளரும். படங்களிலும், கோடுகளாகச் சேமிக்கப்படும் எஸ்விஜி வடிவப் படங்களிலும் அது கீழ்நோக்கி வளரும். அசெட்டோ கோர்சாவின் எக்ஸையும் இசட்டையும் அப்படியே எஸ்விஜியில் போட்டால் சரியாக வரும். அதே எண்களை மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தில் போட்டால் இடவலம் மாறிவிடும். நான் மாட்டியது அங்கேதான். தகவலில் பிழையே இல்லை, பார்த்த கண்ணாடிதான் வேறு.

எந்தக் கேமுக்கு எந்த அச்சைத் திருப்ப வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் வளைவைப் பாருங்கள். லா சோர்ஸ் வலது. மோன்சாவின் முதல் சிகேன் (அடுத்தடுத்து எதிரெதிர்ப் பக்கம் திரும்பும் வளைவுகள்) முதலில் வலது, பிறகு இடது. இன்டர்லாகோஸில் சென்னா எஸ் இடதில் தொடங்கும். மேப்பில் ஸ்டார்ட் லைனிலிருந்து ஓடும் திசையில் விரலை நகர்த்திப் பாருங்கள். தப்பாகத் திரும்பினால் ஏதாவது ஓர் அச்சின் குறியை மாற்றுங்கள், ஒன்றே ஒன்றை மட்டும். இரண்டையும் மாற்றினால் மேப் தலைகீழாகச் சுழலுமே தவிர பிம்பம் சரியாகாது.

கோட்டுக்குள் அடங்கும் பரப்பின் குறியை வைத்து, கடிகாரத் திசையா எதிர்த்திசையா என்று நிரலையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். சுசுகாவில் மட்டும் அதை நம்பாதீர்கள். அது எட்டு வடிவ டிராக். ஒரு வளையம் கடிகாரத் திசை, இன்னொன்று எதிர்த்திசை, பரப்புகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

இடமே தராத கேமில்

ஐரேசிங்கில் ஐபிடி ஃபைல் இருந்தால் வேலை சுலபம். அட்சரேகையில் ஒரு டிகிரி ஏறக்குறைய 111.3 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு டிகிரிக்கு அதை அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். ஸ்பா இருக்கும் 50.4 டிகிரியில் அது சுமார் 71 கிலோமீட்டர்தான். இந்தப் பெருக்கலை மறந்தால் மேப் அகலவாட்டில் இழுத்துவிட்டது போல இருக்கும். இன்னொன்று, இந்த எண்களை இரட்டைத் துல்லியத்தில் (64 பிட்) வையுங்கள். 32 பிட்டில் சேமித்தால் அந்த அட்சரேகையில் 40 சென்டிமீட்டருக்கு ஒரு படி என்று கோடு படிக்கட்டாகிவிடும்.

நேரலைத் தகவல் மட்டும்தான் கையில் என்றால் கப்பலோட்டிகளின் பழைய வழிதான்: எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் என்று கூட்டிக்கொண்டே போவது. கார் நோக்கும் திசையை மட்டும் நம்பினால் வழுக்கும் இடங்களில் பிசகும், ஏனென்றால் மூக்கு ஒரு பக்கம் பார்க்கக் கார் இன்னொரு பக்கம் போகும். முன்னோக்கிய வேகம், பக்கவாட்டு வேகம் இரண்டையும் எடுத்து, கார் நோக்கும் கோணத்தால் சுழற்றிக் கூட்டுங்கள். (மேப்புக்காக மெதுவாக ஓட்டச் சொன்னது இங்கேயும் கைகொடுக்கும்.) நிஜ ரேஸ் கார்களில் ஜிபிஎஸ் இல்லாதபோது மோடெக் போன்ற மென்பொருள்கள் வேகத்தையும் பக்கவாட்டு முடுக்கத்தையும் வைத்து மேப் வரைவது ஏறத்தாழ இதே வழிதான்.

லேப் முடியும்போது தொடங்கிய புள்ளிக்குச் சரியாகத் திரும்பியிருக்காது. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கும். அந்த இடைவெளியை லேப் முழுவதும் தூரத்துக்கு ஏற்பப் பங்கிட்டுக் கழியுங்கள்: கால் லேப்பில் கால் பங்கு, அரை லேப்பில் அரைப் பங்கு. திசை நேரடியாகக் கிடைக்காமல் சுழலும் வேகத்தைக் கூட்டித் திசை கண்டிருந்தால், முதலில் கோணத்தைச் சரிபாருங்கள். சாதாரண டிராக்கில் ஒரு லேப்புக்கு மொத்தம் 360 டிகிரி திரும்பியிருக்க வேண்டும். 363 வந்தால் அந்த 3 டிகிரியை முதலில் பங்கிட்டுக் கழித்துவிட்டு அப்புறம் இடத்தைச் சரிசெய்யுங்கள். சுசுகாவில் மட்டும் மொத்தம் பூஜ்யம் வர வேண்டும், அதே எட்டு வடிவத்தால்.

ஓரங்கள்

இடது லேப், வலது லேப் இரண்டையும் மேலே சொன்னபடி தூர அட்டவணையாக்குங்கள். ஆனால் பதிவானது காரின் நடுப்புள்ளி, டயர் அல்ல. கார் 2 மீட்டர் அகலம் என்றால் ஒவ்வொரு கோட்டையும் 1 மீட்டர் வெளியே தள்ள வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் அடுத்த புள்ளியை நோக்கிய திசையை எடுத்து, அதற்குச் செங்குத்தாக நகர்த்தினால் போதும். எந்தப் பக்கம் வெளியே என்ற குழப்பம் வந்தால், நகர்த்திய பிறகு டிராக்கின் அகலம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் குறியை மாற்றுங்கள்.

ஒரே லேப் தூரத்தில் இருக்கும் இடப்புள்ளிக்கும் வலப்புள்ளிக்கும் நடுவே உள்ளதுதான் நடுக்கோடு. புதிய நிரந்தர சர்க்யூட்டுகளுக்கு சர்வதேச ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ குறைந்தது 12 மீட்டர் அகலம் கேட்கிறது. உங்கள் கணக்கில் எங்காவது 5 மீட்டரோ 30 மீட்டரோ வந்தால், அந்த இடத்தில் ஓரத்தை விட்டு விலகி ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆர்ஃபாக்டர் 2 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை: நடுப்பாதையிலிருந்து கார் எவ்வளவு தள்ளி இருக்கிறது, ஓரம் எவ்வளவு தூரம் என்பதை அந்தக் கேமே தருகிறது.

வளைவு எண்கள்

ஒரு மீட்டருக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்பதே வளைவின் அளவு. அதன் தலைகீழ் ஆரம். ஆரம் 200 மீட்டருக்குக் கீழே போகும் பகுதிகளைத் தனியே எடுத்து, நடுவில் 20 மீட்டருக்குக் குறைவான இடைவெளி இருந்து இரண்டும் ஒரே பக்கம் திரும்பினால் ஒன்றாக்குங்கள். தொடக்கத்துக்கு இது போதும். அதற்கு மேல் கையால் திருத்துவதுதான் சரி என்பேன். மோன்சாவில் அதிகாரப்பூர்வமாக 11 வளைவுகள். மூன்றாவதாக எண்ணப்படும் குர்வா கிராண்டே மிக விரிந்தது, வரம்பு இறுக்கமாக இருந்தால் தப்பிவிடும். பாரபோலிக்கா போகப் போக விரிந்துகொண்டே போகும், வரம்பு மோசமாக அமைந்தால் அதன் பின்பாதி காணாமல் போகும். எண்ணும் பெயரும் மனிதர்கள் வைத்தவை, கணக்கு அவற்றை ஒருபோதும் முழுதாகப் பிடிக்காது.

வரைதல்

எஸ்விஜிதான் என் தேர்வு. எந்த அளவிலும் உடையாது, பிரவுசரில் இயங்கும் எந்த ஓவர்லேயிலும் (கேம் திரைக்கு மேல் மிதக்கும் சிறு சாளரம்) உட்காரும். எல்லாப் புள்ளிகளும் தேவையில்லை, 5 மீட்டருக்கு ஒன்று என்றால் ஸ்பாவுக்கு 1,400 புள்ளிகள். இரு அச்சுகளுக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும். படச்சட்டத்தை நிரப்ப ஆசைப்பட்டு ஒரு பக்கம் மட்டும் நீட்டினால் ஹேர்பின்கள் கரண்டி போல ஆகிவிடும். அடியில் தடித்த கறுப்புக் கோடு, அதன் மேல் மெல்லிய வெள்ளைக் கோடு என்று இரண்டு முறை வரைந்தால் எந்தப் பின்னணியிலும் தெரியும்.

புள்ளியை ஓடவிடுதல்

கேம் சொல்லும் லேப் தூரத்தை எடுத்து, அட்டவணையில் அந்த வரியைப் பார்த்து, புள்ளியை அங்கே வையுங்கள். காரின் ஆயங்களுக்கு மிக அருகில் உள்ள மேப் புள்ளியைத் தேடும் வழியும் உண்டு; ஆனால் சுசுகாவின் மேம்பாலத்தில் புள்ளி மேலிருந்து கீழ் ரோட்டுக்குக் குதித்துவிடும்.

ஸ்டார்ட் லைனில் ஒரு கண்ணி இருக்கிறது. புள்ளி நளினமாக நகர வேண்டும் என்று பழைய தூரத்துக்கும் புதிய தூரத்துக்கும் இடையே சராசரி எடுத்தால், 0.99-க்கும் 0.01-க்கும் சராசரி 0.5 வரும். ஒவ்வொரு லேப்பிலும் கார்கள் ஒரு கணம் டிராக்கின் மறுபக்கத்துக்குப் பறந்துபோய்த் திரும்பும். வித்தியாசம் அரை லேப்பைவிட அதிகமானால் ஒரு முழு லேப்பைக் கூட்டிக் கணக்கிட்டு, பிறகு கழியுங்கள். பிட் பாதையில் இருக்கும் கார்களுக்கும் லேப் தூரம் வந்துகொண்டேதான் இருக்கும். பிட் குறியைப் பார்த்து அவற்றை வேறு நிறத்தில் காட்டாவிட்டால் யாரோ நேர்சாலையில் ஊர்ந்து போவதாகத் தோன்றும்.

சரிபார்ப்பு

நடுக்கோட்டின் மொத்த நீளத்தைக் கூட்டி, அறிவிக்கப்பட்ட நீளத்தோடு ஒப்பிடுங்கள். மோன்சா 5.793, சில்வர்ஸ்டோன் 5.891, மொனாக்கோ 3.337 கிலோமீட்டர். ஒரு சதவீதத்துக்குள் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். பத்து சதவீதம் பிசகினால் அலகுகளைப் பாருங்கள், அல்லது லேப்பில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். பிறகு வேறொரு நாள் ஓட்டிய லேப்பை மேப்பின் மேல் போட்டுப் பாருங்கள். ஓரங்களுக்குள் அடங்கி, வளைவுகளில் உள்பக்கம் தொட்டு வெளிப்பக்கம் போனால் மேப் சரி.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது டிராக்கின் பெயரோடு கேமையும் அமைப்பையும் சேர்த்து எழுதுங்கள். பார்சிலோனாவில் 2023-இலிருந்து எஃப்1 கடைசி சிகேனைக் கைவிட்டு 4.657 கிலோமீட்டர் அமைப்பில் ஓடுகிறது. பழைய கேமில் பதிந்த மேப்பைப் புதிய கேமில் ஏற்றினால், கடைசி வளைவுகள் வரும்வரை எல்லாம் கச்சிதமாக இருக்கும். அங்கே மட்டும் கார்கள் அத்தனையும், இல்லாத சிகேனுக்குள் புகுந்து வெளியே வரும்.